பெயர் நான்கு, பொருள் ஒன்று

(காட்டுப்பள்ளி தொழிலாளர் வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



காண்டிராக்ட் வேலை நாளைக்கு உண்டா என்று கவலைப்படும் நமக்கு வானத்து ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். வெள்ளி பார்த்துக் கடலுக்குப் போன ஊர் இது. விஞ்ஞானம் மெத்தப் படித்தவரின் தனிச்சொத்து அல்ல.

கோடானுகோடி நட்சத்திரங்கள் சேர்ந்தது ஒரு நட்சத்திர மண்டலம். சில மண்டலங்களின் மையம் மட்டும் அளவு கடந்து ஜொலிக்கிறது. 1943ல் அமெரிக்க விஞ்ஞானி செய்பர்ட் ஒரு வகையை விவரித்தார். 1963ல் மார்ட்டின் ஷ்மிட் ஒரு குவாசரின் தூரத்தை அறிந்தார். 200 கோடி ஒளி ஆண்டுகளுக்கும் அப்பால்! ரேடியோ அலை வீசும் மண்டலங்கள், ஒளி சடுதியில் ஏறி இறங்கும் பிளேசர்கள் ஆகியவையும் உண்டு. இவை நான்கும் வெவ்வேறு ஜாதி என்றே முதலில் எண்ணினர்.

உண்மை என்ன? எல்லாவற்றின் மையத்திலும் ராட்சதக் கருந்துளை இருக்கிறது. அதை நோக்கிச் சுழன்று விழும் வாயு உராய்ந்து, காய்ந்து, ஒளிர்கிறது. சுற்றிலும் டயர் போலத் தூசிப் படலம். சிலவற்றில் இரு பக்கமும் கதிர்த்தாரை பாய்கிறது.

பழவேற்காட்டுக் கலங்கரை விளக்கைப் பாருங்கள். ஒளி நேரே வந்தால் கண் கூசும். திரும்பிவிட்டால் கோபுரம்தான் தெரியும். விளக்கு ஒன்றே. அதுபோலத் தாரை நம்மை நோக்கினால் பிளேசர். சற்றுச் சாய்ந்தால் குவாசர். பக்கவாட்டில் தூசி மையத்தை மறைத்தால் ரேடியோ மண்டலம். செய்பர்ட் மண்டலங்களிலும் மையம் தெரிவது, மறைந்தது என இரு வகை உண்டு.

சாட்சி உண்டா? உண்டு. சுவருக்குப் பின்னே எரியும் விளக்கை எதிர்ச்சுவர் வெளிச்சத்தால் அறிகிறோம் அல்லவா? அப்படியே 1985ல் ஆண்டனூச்சியும் மில்லரும் ஒரு மண்டலத்தின் மறைந்த மையத்தைச் சிதறிய ஒளியால் கண்டனர்.

நம் ஊட்டியிலும் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில், மலைச்சரிவின் சாய்வையே பயன்படுத்தி, 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை 1970ல் இந்தியக் கரங்கள் நிறுவின. சந்திரன் மறைக்கும் நேரத்தைக் கொண்டு தொலைதூர ரேடியோ மண்டலங்களின் அளவை அது கணித்தது.

ஆனால் எல்லாம் பார்வைக் கோணம் என்று சொல்லிவிட முடியாது. விழும் வாயு ஒன்றில் அதிகம், ஒன்றில் குறைவு. தாரை எல்லாவற்றிலும் இல்லை. வேற்றுமையும் உண்மைதான்.

நமக்கும் அப்படியே. நிரந்தரம், காண்டிராக்ட், பயிற்சியாளர் என்று அட்டைகள் வேறு. கூலியின் வேற்றுமை மெய்யானது, அதை மூடி மறைக்கக் கூடாது. ஆனால் செல்வத்தைப் படைக்கும் உழைப்பு ஒன்றே. அட்டையைப் பார்த்துப் பிரிந்து நிற்காதீர்கள். சம வேலைக்குச் சம கூலி என்று சேர்ந்து கேளுங்கள்!