மானம் அப்புறம், மூச்சு முதல்ல



நம்ம வடசென்னையில வலி மாத்திரையைக் கரைச்சு ஊசியில ஏத்திக்கிற பிள்ளைங்க இருக்காங்க. தெரிஞ்சும், "வெளிய தெரிஞ்சா அசிங்கம்"னு கதவைச் சாத்துறோம். அந்தக் கதவுக்குள்ளதான் உயிர் போகுது.

டாபென்டடால் போன்ற மாத்திரை அளவு மீறினால் மூச்சை அடக்கிவிடும். தட்டினாலும் எழாமை, கர்கர் என்ற குறட்டை, நீலம் பாய்ந்த உதடு, குண்டூசி முனையாய்ச் சுருங்கிய கண்மணி, இவைதான் அடையாளம். "தூங்கட்டும்"னு விட்டுடாதீங்க. உடனே 108. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் ஊற்றாதீர்கள்; புரையேறும். மாத்திரை அட்டையை மறைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். நலாக்சோன் என்ற மாற்று மருந்து உண்டு. நேரத்தோடு போனால் பிழைக்க வைக்கும்.

மறுவாழ்வு மையத்திலிருந்து திரும்பிய பிள்ளைமேல் கூடுதல் கண் வேண்டும். உடம்புக்குப் பழக்கம் விட்டிருக்கும். பழைய அளவே ஆளைக் கொல்லும்.

போதையை விட ஆலோசனைக்கு 14446, கட்டணம் கிடையாது.

வாரக் கூட்டத்தில் சேமிப்பும் கடனும் பேசுகிறோம். இதையும் பேசுவோம் என்றுதான் நான் கேட்கிறேன். பிள்ளை உயிரோட இருந்தாத்தானே திருத்த முடியும்?