24 ஈர்க்கும் ஒரு வெசாக் கூடும்



வெசாக் வருகிறது. கொழும்பில், கொட்டாஞ்சேனைக் கடை வாசல்களில் டிசுத்தாள் தொங்கத் தொடங்கிவிட்டது. மூங்கிலில் கட்டிய வெறும் சட்டங்களை வீதியோரத்தில் அடுக்கி விற்கிறார்கள். வெசாக்குக்கும் கொட்டாஞ்சேனைக்கும் உறவு பழையது. 1885ஆம் ஆண்டு, ஆங்கிலேயர் ஆட்சியில் வெசாக் முதன்முதலாகப் பொது விடுமுறையான அன்றுதான் பௌத்தக் கொடியும் முதன்முதலாக மக்கள் முன்னால் ஏறியது. இங்குள்ள தீபதுத்தாராம விகாரையில் அதை ஏற்றியவர் மிகெட்டுவத்தே குணானந்த தேரர். அதே கொட்டாஞ்சேனையில் நத்தார் வந்தால் வீட்டு வாசலில் நட்சத்திரக் கூடு தொங்கும், கார்த்திகை விளக்கீட்டுக்குச் சிட்டி விளக்கு வரிசையாக எரியும். வெளிச்சத்துக்குக் கூடு கட்டுவது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கைவேலை.

இன்றைக்கு நான் பேச வந்தது அந்தக் கைவேலையைப் பற்றித்தான். தரம் 1, தரம் 2 பிள்ளைகளின் கைவேலை. கீழ் வகுப்புகளில் நெடுங்காலம் படிப்பித்தவள் நான், முதலில் கொட்டாஞ்சேனையில், பிறகு வெள்ளவத்தையில். வெசாக் கூட்டைப் போல ஒரு நல்ல பாடப் புத்தகத்தை நான் கண்டதில்லை. எப்படி என்று சொல்கிறேன். வானொலியில் படம் காட்ட முடியாது. நீங்கள் மனதிலே கட்டிக்கொண்டு வாருங்கள்.

நான் சொல்வது அட்டபட்டம் கூடு. அட்ட என்றால் எட்டு. எல்லாக் கூட்டிலும் எளிதானது, எல்லாக் கூட்டிலும் அழகானதும் அதுதான். கடையில் மூங்கிலில் செய்வார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மூங்கில் வேண்டாம், சிலாம்பு கையில் ஏறிவிடும். தென்னை ஈர்க்குப் போதும். விளக்குமாற்றிலிருந்து நல்ல தடித்த ஈர்க்காகப் பார்த்து உருவி எடுக்கலாம். வெள்ளவத்தைப் பிள்ளைகள் அதை ஈர்க்கு என்பார்கள்; கொட்டாஞ்சேனை வகுப்பில் அதையே வெளக்குமாத்துக் குச்சி என்ற பிள்ளைகள் இருந்தார்கள். இரண்டு சொல்லையும் பலகையில் எழுதிவிடுவேன். ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் இருக்கலாம் என்பதும் அந்த வயதில் தெரியவேண்டிய ஒன்று.

ஆறு ஆறு பேராக இருத்தி, ஆளுக்கு ஒரு சதுரம் கட்டச் சொல்வேன். ஒரு சதுரத்துக்கு நாலு ஈர்க்கு. நீளம் எவ்வளவு? "ஒரு சாண்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பேன். ஒவ்வொருவரும் தன் தன் சாணால் அளந்து முறிப்பார்கள். பிறகு சதுரங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. "என்ர சாண் சரி, அவன்ர சாண்தான் பிழை" என்று சண்டை வரும். அந்தச் சண்டை வரட்டும் என்றுதான் நான் பேசாமல் இருந்தேன். கடைசியில் யாராவது ஒரு பிள்ளை, பெரும்பாலும் வகுப்பிலே சத்தம் போடாத ஒரு பிள்ளை, ஒரு ஈர்க்கை எடுத்து, "இதை வைச்சு எல்லாரும் அளப்பம்" என்று சொல்லும். அடிமட்டம் ஏன் உலகத்துக்குத் தேவைப்பட்டது என்பதை அந்தப் பிள்ளை தானே கண்டுபிடித்துவிட்டது. அதற்குப் பிறகு சென்ரிமீற்றரைப் பற்றி நான் நீளமாக விளக்க வேண்டியதில்லை.

இனி நூலால் கட்டவேண்டும். ஆறு வயது விரலுக்கு முடிச்சு லேசான வேலை அல்ல. நாக்கை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டுவார்கள். சில பிள்ளைகளுக்கு முதல் நாள் வரவே வராது. வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். அதே பெருவிரலும் சுட்டுவிரலும்தான் பிறகு பென்சிலைப் பிடிக்கப் போகின்றன. முடிச்சுப் பழகிய விரல், "ழ" எழுதும்போது நடுங்குவதில்லை. இது என் கண்ணால் கண்டது.

சதுரம் கட்டியாயிற்றா? விரலால் ஒரு மூலையை அமத்திப் பாருங்கள். அது சரிந்து சாய்சதுரமாகிவிடும். மூன்று ஈர்க்கால் ஒரு முக்கோணம் கட்டி அதை அமத்திப் பாருங்கள். அசையாது. கூரையிலும் பாலத்திலும் மின்கம்பிக் கோபுரத்திலும் ஏன் இத்தனை முக்கோணம் என்பதற்கு இதுதான் காரணம். இதைக் கை தெரிந்துகொண்ட பிள்ளைகள் இரும்புப் பாலம் ஒன்றைக் கடக்கும்போது கம்பிகளைப் பார்க்காமல் போகமாட்டார்கள்.

இப்போது ஆறு பிள்ளைகளின் ஆறு சதுரமும் ஒன்றுசேர வேண்டும். ஒரு சதுரத்தைப் படுக்கையாகப் பிடியுங்கள். அதன் நாலு மூலையிலும் நாலு சதுரங்களை மூலையில் கட்டித் தொங்கவிடுங்கள். பட்டம் போலத் தொங்கும். தொங்குகிற நாலும் பக்கத்துக்குப் பக்கம் மூலையோடு மூலை முட்டும், அங்கே முடிச்சு. கீழே தெரியும் நாலு மூலைகளையும் ஆறாவது சதுரத்தின் நாலு மூலைகளோடு கட்டிவிடுங்கள். முடிந்தது. மொத்தம் 12 இடத்தில் சதுரமும் சதுரமும் மூலை சேர்ந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு வருடம் ஒரு சின்னப் பெண் கூட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள்: "டீச்சர், நாங்கள் சதுரந்தானே கட்டினனாங்கள்? முக்கோணம் ஆர் கட்டினது?"

ஒருவரும் கட்டவில்லை. சதுரங்களுக்கு இடையில் தானாக வந்து நின்றவை அவை. எண்ணச் சொன்னேன். எண்ணியதையே திரும்ப எண்ணி ஒருமுறை ஒன்பது என்றாள். ஒவ்வொரு முக்கோணத்திலும் ஒரு துண்டு நூல் கட்டச் சொன்னேன். எட்டு. அட்டபட்டம் என்ற பெயரிலும் அந்த எட்டு இருக்கிறது. இனிக் கணக்கைப் பாருங்கள். ஆறு சதுரம், நாலு நாலு ஈர்க்கு: 24. எட்டு முக்கோணம், மூன்று மூன்று ஈர்க்கு: அதுவும் 24. ஒரே ஈர்க்குத்தான் ஒரு பக்கம் சதுரத்துக்கும் மறுபக்கம் முக்கோணத்துக்கும் நிற்கிறது. பெருக்கல் வாய்ப்பாடு என்ற சொல்லையே கேட்டிராத பிள்ளைகள், பெருக்கலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார்கள்.

கட்டி முடித்தாலும் கூடு கொஞ்சம் தளதளக்கும். சதுரங்கள் இன்னும் சரிகின்றன அல்லவா? கோதுமை மாவில் பசை காய்ச்சி, சதுரத்துக்கு ஒரு நிறம், முக்கோணத்துக்கு இன்னொரு நிறம் என்று தாளை ஒட்டிக் காயவிட்டால் விறைத்து நின்றுவிடும். ஒரு மெல்லிய தாள் எப்படி ஒரு சட்டத்தைத் தாங்குகிறது என்று பிள்ளைகள் அதிசயிப்பார்கள். மெழுகுதிரி மட்டும் பெரியவர்களின் பொறுப்பு. பற்றறியில் எரியும் சின்ன மின்குமிழ் வைத்தால் இன்னும் நல்லது.

நேயர்களே, கையால் செய்து படிப்பது ஒன்றும் புதிதாக வந்த கல்வி முறை அல்ல. நம்முடைய பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கும்போது அரிசியில்தான் விரலைப் பிடித்து "அ" எழுதுவிக்கிறோம். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதிப் படித்தார்கள். 1789இல் சென்னையில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதிப் பாடசாலையைப் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதைக் கண்டு அதையே தன் பாடசாலையிலும் நடத்தினார். 1797இல் இலண்டனில் அதைப் புத்தகமாக வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பாடசாலைகளில் பரவியது. அந்த மணல் நம்முடையது.

பிறகு மரியா மொண்டிசோரி. 1907இல் உரோமாபுரியில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் தன் முதல் சிறுவர் இல்லத்தைத் தொடங்கியவர். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். போர் மூண்டதால் இந்தியாவிலேயே பல வருடம் தங்கினார். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். அவருடைய வகுப்பில் பிள்ளைகள் சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை இரண்டு விரலால் தடவிப் பார்த்துத்தான் எழுதப் பழகினார்கள். இன்றைக்கு வெள்ளவத்தை ஒழுங்கைகளில் நடந்தால் மொண்டிசோரி என்ற பெயர்ப்பலகையைக் காணாமல் போக முடியாது. பாலர் பாடசாலைக்கே அதுதான் பெயர் என்று ஆகிவிட்டது. பலகையில் பெயர் இருந்தால் போதாது. உள்ளே மூன்றரை வயதுப் பிள்ளை கொப்பியில் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தால் அந்த அம்மையாரின் பெயருக்கு அங்கே வேலை இல்லை.

அரசாங்கப் பாடத்திட்டமும் இதற்கு எதிரானதல்ல. 1999இல் நாடெங்கும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், முதல் இரண்டு வகுப்புகளிலும் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும்தான் முதலிடம் கொடுத்தது. இருந்து எழுதும் வேலை மேலே போகப் போகத்தான் கூடவேண்டும் என்றது. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று ஒரு பாடமே இருக்கிறது. ஆனால் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் தரம் 1 வரைக்கும் நீண்டு விழுகிறது. அந்தப் பாடத்தையும் வினா விடையாக்கிப் பாடமாக்கச் செய்கிறோம்.

என் மனதை மிகவும் வருத்துவது வேறொன்று. செயற்றிட்டம் என்று வீட்டுக்குக் கொடுத்து விடுகிறார்களே, அது. இரவு ஒன்பது மணிக்கு வட்ஸ்அப் குழுவில் செய்தி வரும்: நாளைக்கு ஒரு வீட்டின் மாதிரி. அம்மா வேலையால் வந்து களைத்திருப்பார். அப்பா ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு ரெஜிபோமும் பிறிஸ்டல் போர்டும் தேடி காலி வீதியில் கடை கடையாக ஏறி இறங்குவார். பிள்ளை தொடப்போனால், "தொடாதே, ஊத்தையாகும், நீ போய்ப் படு" என்பார்கள். நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் அப்படி வந்த ஒரு வீட்டுக்குத்தான் முதல் பரிசு. சன்னலுக்குத் திரை, வாசலில் பூச்சாடி, எல்லாம் அவ்வளவு நேர்த்தி. கொண்டுவந்த பையனைக் கூப்பிட்டு, "இதிலே நீ என்ன செய்தாய், ராசா?" என்று கேட்டேன்.

"நான் தூக்கிக்கொண்டு வந்தனான், டீச்சர்."

அவன் பொய் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவனுக்கு இருந்த பங்கு அவ்வளவுதான். பக்கத்தில், யோகட் கோப்பையைக் கவிழ்த்து, தீப்பெட்டியைக் கதவாக ஒட்டி, ஒரு பக்கம் சரிந்த ஒரு வீடு இருந்தது. அதை ஒரு பிள்ளை தன் கையால் செய்திருந்தது. அதைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. அன்றிலிருந்து செயற்றிட்டத்தை வீட்டுக்குக் கொடுப்பதை நான் நிறுத்தினேன். செய்வதெல்லாம் வகுப்பில், என் கண் முன்னால், பிள்ளையின் கையால்.

பொருளுக்குக் காசு வேண்டாம். இந்தியாவில் அர்விந்த் குப்தா என்று ஒரு பொறியியலாளர் இருக்கிறார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ரியூப்பையும் வைத்துப் பிள்ளைகளுக்கு வடிவக் கணிதம் காட்டினார். குப்பையில் போகிற பொருளிலிருந்து விளையாட்டுப் பொருள் செய்யச் சொல்லிக் கொடுப்பதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நமக்கும் சிரட்டை இருக்கிறது, சோடா மூடி இருக்கிறது, புளியங்கொட்டை இருக்கிறது.

வெள்ளவத்தைத் தொடர்மாடிப் பிள்ளைகளுக்கு மண் கிடைப்பதில்லை என்று பெற்றோர் குறைப்படுவார்கள். உண்மைதான். ஐந்தாம் மாடியில் முற்றம் ஏது? ஒரு யோகட் கோப்பையில் ஈரப்பஞ்சு வைத்து நாலு பயறு போடுங்கள். முளை நிமிர்ந்த நாளிலிருந்து, தினமும் ஒரே நேரத்தில், முளைக்குப் பக்கத்தில் ஓர் ஈர்க்கைப் பிடித்து அதன் உயரத்துக்கு முறித்தெடுக்கச் சொல்லுங்கள். இன்றைய ஈர்க்கை ஒரு தாளில் நேராக ஒட்டவேண்டும். நாளைய ஈர்க்கை அதன் பக்கத்தில். ஒரு கிழமை போனால் தாளில் ஈர்க்குகள் படிக்கட்டுப் போல ஏறி நிற்கும். பெரிய வகுப்பில் வரைபு என்று படிப்பிப்பது இதைத்தான். ஒரு நாள் தண்ணீர் விட மறந்திருந்தால் அதையும் அந்தத் தாள் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த வெசாக் பௌர்ணமிக்கு முன்னால் பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். 24 ஈர்க்கையும் ஒரு நூற்பந்தையும் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, உங்கள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருங்கள். கேட்டால் மட்டும் முடிச்சுக்கு உதவி செய்யுங்கள். கூடு சரிந்தால் சரியட்டும். தாள் சுருங்கினால் சுருங்கட்டும். பிள்ளை நித்திரையான பிறகு அதை எடுத்துத் திருத்த வேண்டாம். காலையில் பிள்ளைக்கு அது தெரிந்துவிடும். அப்படியே கொண்டுபோய், உங்கள் மாடத்திலே, வீதிக்குத் தெரியும் பக்கத்தில் தொங்கவிடுங்கள்.