அக்கா கேட்ட கேள்வி
(நம் குடியிருப்பு மகளிர் தினக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எனக்குப் பத்து நிமிடம்தான். அடுத்து தண்ணீர் லாரிக் கணக்கு இருக்கிறதாம்.

நான் டாக்டர் இல்லை. என் அக்காவுக்கு ஓவரி கேன்சர். ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து, முடி வளர்ந்து பின்னல் போட ஆரம்பித்த நேரத்தில் சிஏ-125 மறுபடி ஏறியது. "இரண்டு மருந்து சேர்த்துக் கொடுக்கும் டிரையல் நடக்கிறது, சேருகிறீர்களா?" என்று டாக்டர் கேட்டார். வெளியே வந்ததும் அக்கா, "என்னை எலியாக்கப் போறாங்களாடீ?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நோய் திரும்பினால், கடைசியாகப் போட்ட பிளாட்டினம் வகை கீமோ முடிந்து எத்தனை மாதம் ஆயிற்று என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். ஆறு மாதம் தாண்டியிருந்தால் அதே வகை மறுபடி பலன் தர வாய்ப்பு அதிகம். அதோடு இன்னொரு மருந்தைச் சேர்த்தால்? 2003இல் வெளியான ஐகான்-4 ஆய்வில் 802 பெண்கள். பிளாட்டினத்தோடு பாக்லிடாக்செல் சேர்த்துக்கொண்டவர்களில் இரண்டு வருடம் கழித்து 57 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். வழக்கமான பிளாட்டினம் சிகிச்சை பெற்றவர்களில் 50 சதவீதம்.

எல்லாக் கூட்டணியும் இப்படி ஜெயிப்பதில்லை. ஓலாபரிப், செடிரானிப் என்று இரண்டு மருந்துகள். ஒன்று கேன்சர் செல் தன் டிஎன்ஏவைப் பழுதுபார்ப்பதைத் தடுக்கும். மற்றது கட்டிக்குப் புது ரத்தக்குழாய் போகாமல் செய்யும். இரண்டுமே வீட்டிலேயே விழுங்குகிற மருந்து. அமெரிக்காவில் 90 பெண்களிடம் பார்த்தார்கள். 2014இல் முடிவு வந்தது. ஓலாபரிப் மட்டும் என்றால் நோய் வளராமல் இருந்தது 9 மாதம், இரண்டும் சேர்ந்தால் 17.7 மாதம். எவ்வளவு நம்பிக்கை வந்திருக்கும்! பிறகு 565 பெண்களை வைத்து வழக்கமான கீமோவோடு ஒப்பிட்டார்கள். 2022இல் வெளியான முடிவு: கீமோவுக்கு 10.3 மாதம், கூட்டு மருந்துக்கு 10.4. போதாததற்கு பேதியும் பிபியும் அதிகம். முதல் ஆய்வு பொய்யில்லை. அதில் எதோடு ஒப்பிட்டார்கள் என்பதுதான் வேறு.

ஆகவே உங்கள் வீட்டில் யாரையாவது அழைத்தால், எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். சிடிஆர்ஐ பதிவு எண் கேளுங்கள். 2009 ஜூனிலிருந்து இங்கே அது கட்டாயம். கையெழுத்துப் போட்ட பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். இன்னொன்று: முள்சீத்தா இலைக் கஷாயத்தை நம் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், பெயர் சொல்லவில்லை. கூடவே எது குடித்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அக்கா இரண்டு நாள் யோசித்துச் சேர்ந்தாள். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கல்தான் முடிவு செய்யும். அவளுக்கு விழுந்தது வழக்கமான கீமோ. "இதுக்கா இவ்வளவு பேப்பர்ல கையெழுத்து?" என்று ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. வரும் வியாழக்கிழமை ஸ்கேன்.