குரங்கும் குடியிருப்பும்



பிழைப்பை நாடித் தென்னாட்டினின்று டில்லிக்கு வந்து குடியேறிய நம்மவர், முதற் குளிர்காலத்தைக் கடந்த பின்னர் மற்றொன்றுக்கும் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதுதான் குரங்கு. நம் ஊர் மலைக்கோயில் படிகளில் நாம் கண்டது, நடுத்தலையில் வகிடெடுத்தாற்போல் மயிர் படிந்த, நீண்ட வாலுடைய நாட்டுக் குரங்கு. இங்கே காண்பது செம்முகக் குரங்கு. இதன் வால் குட்டை, உடற்கட்டு மிகுதி. இரண்டும் நெருங்கிய உறவினவே. மனிதன் கையில் உணவைக் கண்டுவிட்டால் இரண்டின் குணமும் ஒன்றே.

தலைநகரின் சாலையோரங்களில், 'குரங்குகளுக்கு உணவிடாதீர்' என்னும் அறிவிப்புப் பலகைகளை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். அப்பலகையின் அடியிலேயே செவ்வாய்க்கிழமையிலும் சனிக்கிழமையிலும் வாழைப்பழமும் கொண்டைக்கடலையும் குவிந்து கிடப்பதையும் பார்த்திருப்பீர்கள். ஆஞ்சநேயரின் இனம் என்னும் பக்தி ஒருபுறம். பசித்த உயிர்க்கு உணவளிப்பதே தலையாய அறம் என்னும் எண்ணம் மறுபுறம். இவ்விரண்டையும் நெஞ்சிற்கொண்டு வளர்ந்த நமக்கு, உணவிடாதே என்று சொல்லும் சட்டம் சற்றுக் கொடிதாகத் தோன்றுவது இயல்பே. எமக்கும் அவ்வாறே தோன்றியது. எம் எண்ணம் மாறிய வரலாற்றையே இன்று கூற விரும்புகிறோம்.

எம் அன்னையார் டில்லிக்கு வந்த நாளிலிருந்து, செவ்வாய்தோறும் மாடிக் கைப்பிடிச் சுவரின்மேல் ஆறு வாழைப்பழங்களை வைப்பது வழக்கம். முதலில் ஒரு தாய்க் குரங்கு குட்டியுடன் வந்தது. அடுத்த ஆண்டில் ஒரு கூட்டமே வந்தது. அன்னையார் அகமகிழ்ந்தார். யாமும் தடுத்தோமில்லை.

எங்கள் குடியிருப்பின் வாயிலில், வேப்பமரத்தடியில், துணிகளுக்கு இஸ்திரி போடும் ஒருவர் மனைவி மகளுடன் வாழ்ந்து வருகிறார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஐந்து வயதான அப்பெண் குழந்தை கையில் ரொட்டியுடன் நின்றுகொண்டிருந்தது. மாடியில் பழம் உண்டு இறங்கிய குரங்கொன்று அந்த ரொட்டியைப் பற்றியது. குழந்தை விடவில்லை. குரங்கு முன்கையைக் கடித்துவிட்டது. அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி நான்கு தவணையாகப் போடப்பெற்றது. ஒவ்வொரு தவணைக்கும் தந்தை ஒரு நாள் வேலையை இழந்தார்.

அன்னையார் பணம் கொடுக்க இறங்கிச் சென்றார். இஸ்திரிக்காரர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. கடுமொழியும் கூறவில்லை. "அம்மாஜி, தாங்கள் கொடுப்பதை அது உண்ணட்டும். ஆனால், மனிதர் கையில் இருப்பதெல்லாம் தனக்குத்தான் என்று அது எண்ணிக்கொண்டுவிட்டதே!" என்று இந்தியில் சொன்னார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எமக்கு, அந்த ஒரு வாக்கியத்தைத் தமிழாக்கி அன்னையாரிடம் சொல்ல நாவெழவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால், சொல்லாமலே விளங்கிக்கொண்டார் என்று தெரிந்தது.

அவர் கூறியதையே விலங்கியலும் கூறுகிறது. கிடைத்ததைக் கன்னப் பையில் திணித்துக்கொண்டு ஓடிவிடும் இயல்பு குரங்குக்கு உண்டு. ஆகவே, பறிப்பது அதற்கு எளிதான தொழில். காட்டிலே நாள் முழுதும் இலையும் கனியும் தேடி அலையவேண்டிய பிராணிக்கு, ஓரிடத்தில் உணவு குவிந்து கிடைக்குமானால் அலையும் தேவை ஒழிகிறது, அச்சம் நீங்குகிறது, இனம் விரைந்து பெருகுகிறது. ஒரே குவியலுக்குப் பல குரங்குகள் போட்டியிடுவதால் அவற்றுக்குள்ளேயே சண்டையும் காயமும் மிகுகின்றன. உணவிடுவதால் குரங்குக்கும் நன்மையில்லை என்பதே இதனால் பெறப்படும்.

இனி, சட்டத்தின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். டில்லியின் குடியிருப்போர் நலச் சங்கம் ஒன்று தொடுத்த வழக்கில், 2007-ஆம் ஆண்டு டில்லி உயர்நீதிமன்றம், நகரத்துக் குரங்குகளைப் பிடித்து, தென் எல்லையிலுள்ள அசோலா பட்டி வனவிலங்குச் சரணாலயத்தில் விடவும், அங்கேயே அவற்றுக்கு உணவு கிடைக்கச் செய்யவும் ஆணையிட்டது. அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில், துணை மேயராக இருந்த எஸ்.எஸ். பாஜ்வா, தம் வீட்டு மாடியில் குரங்குகளை விரட்ட முயன்றபோது கீழே விழுந்து உயிர்நீத்தார். குரங்கை விரட்டக் கருங்குரங்கு முகமுடைய லங்கூர்களைக் கயிற்றில் கட்டி அழைத்துவரும் வழக்கம் இருந்தது. லங்கூர் பாதுகாக்கப்பட்ட விலங்காதலின் 2012-இல் அதற்குத் தடை நேர்ந்தது. பின்னர், லங்கூரைப்போல் குரலெழுப்பும் மனிதர்கள் அப்பணிக்கு அமர்த்தப்பெற்றனர். 2023-இல் ஜி-20 மாநாட்டின்போது லங்கூரின் உருவப்படங்களை அட்டையில் வெட்டிச் சாலையோரம் நிறுத்தியதும் நேயர்களுக்கு நினைவிருக்கலாம். விரட்டும் வழிகள் பல வந்துபோயின. அழைக்கும் வழியை மட்டும் நாம் அடைக்கவில்லை.

இத்தகைய தடை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மூளையை அரித்து மானை மெலிவித்துக் கொல்லும் ஒரு நோய் 2002-இல் காட்டு மான்களிடம் கண்டுபிடிக்கப்பட்டது. அந்நோய்க்கு மருந்தில்லை. ஒரே குவியலில் பல மான்கள் வாய்வைத்தால் நோய் பரவும் என்பதற்காக, நோய் கண்ட மாவட்டங்களில் மான்களுக்கு உணவு வைப்பது தடுக்கப்பட்டது. பனிக்காலத்தில் கொல்லைப்புறத்துக்கு வரும் மானுக்குச் சோளம் இடுவதை அன்புச் செயலாகக் கருதி வந்த வீட்டுக்காரர் பலருக்கு அது மனவருத்தமாயிற்று. பறவைகளுக்குத் தானியம் வைப்போரும் மான் எட்டாதபடி வைக்கவேண்டும் என்பது விதி. தம் வீட்டு முற்றத்தில் தாம் இடும் ஒரு பிடி தானியம் அடுத்த ஊரின் மந்தையையும் தொடுகிறது என்பதை அவர்கள் கற்கவேண்டியதாயிற்று.

தடையால் வீட்டுக்காரருக்குத் தொல்லையே இல்லை என்று யாம் சொல்லமாட்டோம். அன்னையார் பழம் வைப்பதை நிறுத்திய பிறகு, சில வாரங்கள் எங்கள் மாடி போர்க்களமாக இருந்தது. எதிர்பார்த்து வந்த கூட்டம், பழத்தைக் காணாமல் தண்ணீர்த் தொட்டியின் மூடியைப் பெயர்த்தது. கொடியில் உலர்ந்த துணிகளைக் கிழித்தது. சமையலறைச் சன்னல் வழியே புகுந்து பருப்பு டப்பாவைத் தூக்கிச் சென்றது. சன்னல்களுக்கெல்லாம் கம்பிவலை அடிக்கவேண்டியதாயிற்று. மே மாத வெயிலில் வடாம் பிழிந்தால், தடியுடன் ஒருவர் காவலிருக்கவேண்டும். கூண்டுக்குள் இருப்பது குரங்கா, நாமா என்று எண்ணும்படி ஆயிற்று. உணவே இடாத அண்டை வீட்டாரும் இதே செலவைச் செய்தனர். எங்கள் புண்ணியத்துக்கு அவர்கள் விலை கொடுத்தனர் என்பதே உண்மை.

ஆதலால், இத்தடை ஒரு வீட்டார் மட்டும் கைக்கொண்டால் பயனில்லை. ஒரு வீடு நிறுத்தி மறுவீடு இட்டால், கூட்டம் தெருவை விட்டு நீங்காது. தெரு முழுதும் கூடி முடிவு செய்தல் வேண்டும். பழத்தை நிறுத்திவிட்டுக் குப்பைத் தொட்டியைத் திறந்து வைப்பதும் உணவிடுவதேயாகும். எச்சில் உணவை மூடியிட்ட தொட்டியிலேயே போடுதல் வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் மூடியைக் கம்பியால் கட்டுதல் நன்று. குழந்தைகளைத் திறந்த வெளியில் தின்பண்டத்துடன் விடலாகாது. எதிரே வந்த குரங்கின் கண்களை உற்றுப் பார்ப்பதும், பல்லைக் காட்டிச் சிரிப்பதும் அதற்கு அறைகூவலாகத் தோன்றும். கடிபட்டால், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் இன்றியமையாதது.

அரசினர்க்கும் கடமை உண்டு. டில்லிக் குன்றுத் தொடரின் பெரும்பகுதியை மூடியிருப்பது, நம் இராமநாதபுரத்தார் நன்கறிந்த அதே சீமைக் கருவேலம். அம்முள்மரங்களினிடையே குரங்குக்கு ஏற்ற கனி மிகுதியாகக் கிடைப்பதில்லை. அத்தியும் நாவலும் ஆலும் அங்கே செழிக்குமானால், காட்டு விலங்கு காட்டிலேயே தங்குதற்கு ஒரு காரணம் கிடைக்கும். உயிரிரக்கம் உடையோர் தம் பொருளையும் உழைப்பையும் இத்தகைய மரம் நடும் பணிக்கு ஈந்தால், அதுவும் குரங்குக்கு உணவிட்டதேயாகும்.

எம் அன்னையார் செவ்வாய்க்கிழமையில் வாழைப்பழம் வாங்குவதை இன்றும் விடவில்லை. ஆறில் இரண்டு பூசைக்கு. நான்கு வேப்பமரத்தடிக் குழந்தைக்கு. "வீட்டுக்குள்ளே வைத்துத் தின்னவேண்டும், தெரிந்ததா?" என்று தமக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிக் கொடுத்துவிட்டு வருகிறார். குழந்தையின் முன்கையில் வடு இன்னும் மறையவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம், கொடுப்பதற்கு முன் அது எவ்விடம் சென்று சேரும் என்று எண்ணுவதும் அறத்தின் ஒரு பகுதியே என்பது எம் நினைவுக்கு வருகிறது.