தபால் பெட்டியில் ஒரு பெயர்

ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும் மென்பொருள் பொறியாளர் முதலில் செய்ய வேண்டியது முகவரிப் பதிவு. குடியேறிய 2 வாரத்துக்குள் உள்ளூர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. வீட்டுக்காரர் தரும் சான்றும் வேண்டும். அதன்பின் வருமான வரி எண் தபாலில் வரும்.

சிக்கல் இங்கேதான். தூத்துக்குடி திரேஸ்புரத்தில் அப்பா பெயரைச் சொன்னாலே வீட்டைக் காட்டிவிடுவார்கள். ஆனால் ஜெர்மனியின் அடுக்குமாடிகளில் பெரும்பாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் கிடையாது. தபால் பெட்டியில் ஒட்டிய பெயர்தான் அடையாளம். பெயர் இல்லையா? கடிதம் திரும்பிவிடும். கணினியில் கரைகண்டவருக்கும் அங்கே கடிதம்தான் கதி!

நண்பர் வீட்டில் தங்குபவரும் பெட்டியில் தம் பெயரை ஒட்ட வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஒட்டுவது நல்லது. வேலை தரும் நிறுவனத்திடம் வரி எண் தரத் தாமதமானால் சம்பளத்தில் கூடுதல் வரி பிடிக்கப்படலாம். எண் கொடுத்தபின் கணக்கு நேராகும்.