நமக்கும் ஒரு பாடு உண்டு



சில வாரங்களுக்கு முன், மாலைத் திருப்பலி முடிந்து எல்லாரும் வீடு திரும்பிய பிறகும், ஒரு தாய் கோவிலின் கடைசித் தூணருகே நின்றுகொண்டிருந்தார். கணவரைக் கடலில் பறிகொடுத்தவர். "முன்னாடி வந்து உட்காருங்கம்மா" என்றோம். "வேணாம் சாமி. அவரு போன அன்னைக்கு ஆண்டவரை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். இப்ப எந்த முகத்தோட அவரு முன்னாடி போய் நிக்கிறது?" என்றார்.

எந்த முகத்தோடு? இந்தக் கேள்வி அந்தத் தாய்க்கு மட்டும் உரியதல்ல. குடியை விட முடியாதவரும், ஒப்புரவு அருளடையாளம் பெற்றுப் பல ஆண்டுகள் ஆனவரும், ஜெபித்தும் பயனில்லை என்று சோர்ந்தவரும் கடைசித் தூணருகேதான் நிற்கிறார்கள். வரும் புனித வெள்ளியன்று இரண்டாம் வாசகமாக நாம் கேட்கவிருக்கும் எபிரேயர் திருமுகப் பகுதி, இவர்களைப் பார்த்துத்தான் பேசுகிறது. அருள் வீற்றிருக்கும் அரியணையைத் துணிவோடு அணுகிச் செல்லுங்கள் என்பதே அதன் அழைப்பு.

பழவேற்காட்டு ஏரியில் தொழில் செய்யும் நமக்குப் 'பாடு' என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. வெளியூர் நேயர்களுக்காகச் சொல்கிறோம். இறால் நன்றாகப் படும் இடங்களில் யார் வேண்டுமானாலும் வலை கட்டிவிட முடியாது. அதற்கு உரிமையுள்ள ஊர்கள் உண்டு, அந்த ஊர்களில் உரிமையுள்ள குடும்பங்கள் உண்டு. இன்ன நாள் இன்னாருக்கு என்று முறை வைத்துப் போவார்கள். ஏரியில் சண்டை வராமல் இருக்க முன்னோர் வகுத்த ஏற்பாடு அது. ஆனால் பாடு இல்லாதவரும் இதே ஏரியை நம்பித்தான் வாழ்கிறார். இருளர் பெண்கள் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஏரி ஒன்றுதான், உரிமைதான் வேறு.

பழைய எருசலேம் கோவிலிலும் இப்படி ஒரு முறை இருந்தது. திருத்தூயகத்திற்குள் எல்லாரும் போக முடியாது. தலைமைக் குரு ஒருவர் மட்டும், ஆண்டுக்கு ஒரே நாள், பலியின் இரத்தத்தோடு உள்ளே செல்வார். லேவியர் நூல் 16ஆம் அதிகாரம் இதை விளக்குகிறது. மற்ற எல்லாரும் திரைக்கு வெளியே நிற்பார்கள். இயேசு சிலுவையில் உயிர்விட்டபோது அந்தத் திரை மேலிருந்து கீழ்வரை கிழிந்தது என்று மாற்கு எழுதுகிறார். ஆளுக்கு ஒரு முறை, குலத்துக்கு ஓர் உரிமை என்ற ஏற்பாடு அன்றோடு முடிந்தது.

நம் தமிழில் ஆண்டவர் பட்ட துன்பத்தையும் 'பாடுகள்' என்றே சொல்கிறோம். அவர் பட்ட பாடுதான் நமக்குக் கிடைத்த பாடு. அதை நாம் பிறப்பால் பெறவில்லை, நல்ல நடத்தையால் சம்பாதிக்கவும் இல்லை. அதனால், "எனக்குத் தகுதியில்லை" என்று சொல்லி விலகி நிற்பது தாழ்ச்சி போலத் தோன்றினாலும், அவர் விலை கொடுத்து வாங்கித் தந்ததை வேண்டாம் என்று தள்ளுவதாகவே முடியும்.

துணிவு என்று திருமுகம் சொல்லும் இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'பர்ரேசியா'. மனத்தில் உள்ளதையெல்லாம் ஒளிக்காமல் பேசுவது என்பது அதன் பொருள். ஏதென்சு நகரில் அது குடிமகனின் உரிமை, அடிமைக்கு அது கிடையாது. அப்படியானால் ஆண்டவர் முன் அழுது, "ஏன் இப்படிச் செய்தீர்?" என்று கேட்டவர் உரிமை மீறவில்லை. பிள்ளைக்குரிய உரிமையைத்தான் பயன்படுத்தினார். இயேசுவே உரத்த குரலோடும் கண்ணீரோடும் மன்றாடினார் என்று அதே வாசகம் கூறுகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். துணிவோடு கேட்டால் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நாம் போதிக்கவில்லை. கெத்சமனியில் இயேசு கேட்டார், துன்பக் கிண்ணம் அகலவில்லை. ஆனாலும் அவருடைய மன்றாட்டு கேட்கப்பட்டது என்கிறது திருமுகம். தந்தை அவரைச் சாவில் விட்டுவிடவில்லை. கரையில் காத்திருந்த குடும்பத்துக்கு இது எளிதான பதில் அல்ல என்பதை அறிவோம். ஆனால் நம் பலவீனத்தைத் தம் உடலில் அறிந்த ஒருவர் அந்த அரியணையருகே இருக்கிறார். நம் நம்பிக்கைக்கு ஆதாரம் அதுவே.

பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண்ணை நினைத்துப் பாருங்கள். யாருக்கும் தெரியாமல் பின்னாலிருந்து வந்து ஆண்டவரின் ஆடையைத் தொட்டார். ஆண்டவர் அவரைப் பின்னாலேயே விட்டுவிடவில்லை. முன்னே வரவைத்து, முழு உண்மையையும் சொல்லவிட்டு, "மகளே" என்று அழைத்தார். நலம் முதலிலேயே கிடைத்துவிட்டது, உறவு முன்னே வந்தபோதுதான் கிடைத்தது.

மகிமை மாதாவிடம் நாம் ஓடுவதும் இதற்காகத்தான். மகன் கோபக்காரர், தாய் சிபாரிசு செய்வார் என்பதற்காக அல்ல. தாய் நம் கையைப் பிடித்து மகனிடம் கூட்டிச் செல்வார். கடவுளைக் கடன் கணக்குப் பார்ப்பவர்போலக் காட்டி, மக்களைக் கடைசித் தூணுக்கு அனுப்பிய மறையுரைகளைக் குருக்களாகிய நாங்களும் ஆற்றியிருக்கிறோம். அதற்காக வருந்துகிறோம்.

அன்று அந்தத் தாயிடம், "நீங்கள் ஆண்டவரிடம் பேசியது ஜெபம்தான் அம்மா, பாதியில் நின்றுவிட்டது. மீதியையும் சொல்லிவிடுங்கள்" என்றோம். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு தூணருகே அவரைக் காணவில்லை. தேடினால், நடுவரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். கண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது.

இந்த வாரம் ஒரு நாள், பத்து நிமிடம், நற்கருணைப் பேழையின் முன் வந்து உட்காருங்கள். மனப்பாடமான ஜெபங்களுக்கு முன், இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருக்கும் அந்த ஒன்றைச் சொல்லுங்கள். முறை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்று உங்கள் பாடு.

ஆண்டவரின் அருள் உங்களோடு இருப்பதாக. ஆமென்.