மழைநீருக்கு ஒரு தோட்டம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

தமிழ் விழா மேடையில் செடி கொடிகளைப் பற்றிப் பேச வந்தமையைப் பொறுத்தருள வேண்டும். நாங்கள் தாவர நூல் கற்றவர்கள் அல்லோம்; மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் குமாஸ்தாக்கள். ஆயினும், சங்கத்தின் முற்றம் முழுவதற்கும் சிமென்ட் தளம் போடவேண்டும் என்னும் யோசனை பொதுக்குழுவின் முன் வரவிருக்கிறது. அதற்கு முன்னர் எங்கள் அனுபவத்தைச் சொல்லிவிடுவது கடமை எனக் கருதினோம்.

2023 செப்டம்பர் 23ஆம் நாள் விடியற்காலையை நாகபுரியில் வாழும் எவரும் மறந்திரார். சில மணி நேரத்தில் 100 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. அம்பாஜரி ஏரி நிரம்பி வழிந்தது. இந்நகருக்குப் பெயர் தந்த நாக நதி கரை கடந்தது. நம் நூலக அறையிலும் கணுக்காலளவு நீர் புகுந்தது. அடித்தட்டு நூல்கள் ஊறிப் பருத்தன. ஊருக்குச் சென்று திரும்பும்போதெல்லாம் பெட்டியில் துணியைக் குறைத்து நூலை அடுக்கிக் கொணர்ந்தவர் பலர் இவ்வவையில் உள்ளனர். அவர்கள் தாழ்வாரத்தில் அமர்ந்து ஏடு ஏடாகப் பிரித்து உலர்த்திய காட்சி எங்கள் கண்ணைவிட்டு அகலவில்லை.

அந்நீர் எங்கிருந்து வந்தது? நம் கட்டடம் நதிக்கரையில் இல்லை. நம் கூரையிலும் முற்றத்திலும் விழுந்த நீரே போக்கிடமின்றி நம் வாயிலுக்குள் புகுந்தது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் நீர். நம் கூரை 90 சதுர மீட்டர். 25 மில்லிமீட்டர் மழைக்கே 2,250 லிட்டர் நீர் கீழே இறங்குகிறது. முற்றத்தையும் சிமென்டால் மூடினால், அங்கே விழும் நீரும் இதனோடு சேர்ந்துகொள்ளும். அஃது ஒன்று நம் வாயிலைத் தேடி வரும். இல்லையேல் அண்டை வீட்டாரின் வாயிலுக்குச் செல்லும்.

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் 1990ஆம் ஆண்டளவில் 'மழைத்தோட்டம்' என்னும் முறையைத் தொடங்கினர். கூரை நீரை ஓர் ஆழமற்ற பள்ளத்தில் விட்டு, அங்கே வளரும் செடிகளின் வேர் வழியே மண்ணுக்குள் இறங்கச் செய்வதே அம்முறை. பின்னர்ப் பிரெய்ரி என்னும் புல்வெளி நாட்டினரும் அதனைக் கைக்கொண்டனர். அவர்கள் நட்டவை கடையில் வாங்கிய அலங்காரச் செடிகள் அல்ல. ஆழ வேரோடி, வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்கும் தங்கள் நாட்டுப் புற்களும் பூண்டுகளுமே.

அவர்கள் செடி நமக்கு உதவாது. அவர்கள் முறை உதவும். அங்கே பனி பெய்கிறது. இங்கே மே மாதத்தில் வெயில் 45 டிகிரியைத் தாண்டுகிறது. நம் மழையில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலேயே பெய்துவிடுகிறது. மண்ணோ கரிசல்; ஈரத்தில் உப்பும், கோடையில் கை நுழையுமளவு வெடிக்கும்.

இதனை உணராது நாங்கள் முதலில் பிழை செய்தோம். 2024ஆம் ஆண்டில், குடியிருப்பின் பின்புறத்தில் மூன்று குடும்பத்தினர் கூடிப் பள்ளம் வெட்டினோம். ஊர் நினைவால் மல்லிகையும் கனகாம்பரமும் நட்டோம். ஆகஸ்டு மாதத்திற்குள் அத்தனையும் வேரழுகி மாண்டன. காய்கறி விற்க வரும் மராத்தி மூதாட்டி ஒருவர் அதனைப் பார்த்துச் சிரித்தார். "ஓடைக்கரைக்குச் சென்று பாருங்கள். ஆடியில் மூழ்கியும் வைகாசியில் காய்ந்தும் சாகாமல் நிற்பது எதுவோ, அதைக் கொண்டுவந்து நடுங்கள்" என்று தம் மொழியில் கூறினார். ஆஜி சொன்ன அந்த ஒரு சொல்லே எங்களுக்குப் பாடநூலாயிற்று.

அதன்படி 2025இல் செய்தது இது. பள்ளத்தின் அடியில் வெட்டிவேரும் கோரையும் நட்டோம். கூலரில் மணக்கும் 'கஸ்' இந்த வெட்டிவேரே. இது சில நாள் நீரில் நிற்கும். 3 மீட்டர் ஆழம்வரை வேர் விடவும் வல்லது. சரிவில் அருகும் நொச்சியும் வைத்தோம். மராத்தியர் நிர்குடி என்பது நம் நொச்சியே. நீர் தேங்காத மேட்டு விளிம்பிற்கு ஆவாரை. கட்டடத்திற்கு அப்பாலுள்ள மூலைக்கு ஒரு பலாசம், அதாவது நம் புரசமரம்; கரிசலில் நீர் தேங்கினும் அது தாங்கும். செங்காந்தளும் இம்மண்ணுக்குரியதே, ஆயின் அதன் கிழங்கு கொடிய நஞ்சாதலின், குழந்தைகள் விளையாடும் இடத்தில் வேண்டா என விட்டோம். நாணலையும் விலக்கினோம், சிறு தோட்டத்தில் அது பிறவற்றை விழுங்கிவிடும்.

இடத் தேர்விலும் கவனம் வேண்டும். கரிசல் மண் உப்பிச் சுருங்குவதாகையால், பள்ளம் சுவரிலிருந்து 3 மீட்டருக்குக் குறையாத தொலைவில் இருத்தல் வேண்டும். முதலில் ஓர் அடி ஆழக் குழியில் நீர் ஊற்றிச் சோதிக்க வேண்டும். நீர் இறங்கத் தாமதித்தால், மண்ணை அரை மீட்டர் கிளறிப் பருமணலும் மக்கிய எருவும் நிறையச் சேர்க்க வேண்டும். தேங்கும் நீர் இரண்டு நாளில் வடிந்துவிட்டால் கொசுவிற்கு இடமில்லை. எங்கள் பள்ளத்தில் மழை விட்ட மறுநாள் மாலைக்குள் நீர் வடிந்தது.

சங்க முற்றத்தில் 15 சதுர மீட்டர் இடமும் 15 சென்டிமீட்டர் ஆழமும் கொடுத்தால், அப்பள்ளம் 2,250 லிட்டர் கொள்ளும். கூரையில் விழும் 25 மில்லிமீட்டர் மழைக்கு அது போதும். 2023இல் பெய்ததைப் போன்ற பெருமழையை அது தனியே அடக்கிவிடும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அன்று கூரையில் இறங்கியது அதனினும் நான்கு மடங்கு. ஆதலின் மிகுநீர் தெருக் கால்வாய்க்குச் செல்ல, கல் பதித்த வாய்க்கால் ஒன்று கட்டாயம் வேண்டும். நூலகத்தின் அடித்தட்டையும் இரண்டடி உயர்த்த வேண்டும்.

அன்பர்களே! நாற்காலி போடவும் பந்தல் கட்டவும் தளம் தேவை என்பதை நாங்கள் மறுக்கவில்லை. முன்பகுதிக்குத் தளம் போடுங்கள். பின்மூலையை மட்டும் ஒரு மழைக்காலத்திற்கு எங்களிடம் விட்டுவையுங்கள். மண் வெட்டும் வேலை எங்களுடையது. வெட்டிவேர் நாற்று எங்கள் தோட்டத்திலிருந்தே வரும். பயனில்லையெனில், மறு ஆண்டு நாங்களே அப்பள்ளத்தைத் தூர்த்துத் தருகிறோம்.